சீறும் நரி என்னும் பொய்

அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர், பொருளுணராமல் ஒப்பிக்கும் மாணவனைப் ‘பஞ்சடைத்த நரி’ என்று பழித்தார். அவையோர் சிரித்தனர், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவனைப் பழித்தது ஒருபுறமிருக்கட்டும். செத்த விலங்கின் தோலைக் கொண்டு அதன் உருவை மீண்டும் நிறுத்தும் அரிய கைவினையைப் பஞ்சடைக்கும் வேலையென்று இகழ்கின்றோமே, இது முறையா? ‘பாடம் செய்தல்’ என்று நம் மொழியில் இதற்கு அழகியதொரு வழக்கு உண்டு. பாடம் நடத்துவோராகிய நாமே அதை மறந்துவிட்டோம்.

முற்காலத்தில் வைக்கோலை அடைத்துத் தைத்தனர் என்பது உண்மைதான். ஆனால் தேர்ந்தவர் எவரும் இன்று அவ்வாறு செய்வதில்லை.

நான் பேசுவது ஐரோப்பியச் செந்நரியைப் பற்றி. தமிழகத்தார் பெரும்பாலும் நரியென்று வழங்கும் விலங்கு இதன் உறவினமேயன்றி இதுவன்று. செந்நரியைப் பாடம் செய்வோன் முதலில் கத்தியைத் தொடுவதில்லை, அளவுநாடாவை எடுக்கின்றான். மூக்கு நுனியிலிருந்து கண்ணின் முன்மூலை எவ்வளவு, வாலடி எவ்வளவு, கழுத்தும் மார்பும் எவ்வளவு சுற்றளவு என்று குறித்துக்கொள்கின்றான். உரித்த தோல் இழுத்த இழுப்புக்கு நீளும். அதனை அளந்து பயனில்லை. காலந்தாழ்த்தவும் கூடாது. அழுகல் தொடங்கிவிட்டால் வயிற்றுப்புறத்து மயிர் கொத்துக்கொத்தாகக் கழன்றுவிடும்.

உரிப்பதில் உடற்பகுதி எளிது. தலையும் பாதமும் வாலும்தாம் பொறுமையைச் சோதிப்பவை. வாலெலும்பை உருவியபின் வாலின் அடிப்புறத்தை நுனிவரை கீறித் திறக்க வேண்டும். இல்லையேல் உப்பு உட்புகாது, வால் அழுகும். காதின் குருத்தெலும்பிலிருந்து தோலை நுனிவரை பிரித்து, காலுறையைப் புரட்டுவதுபோல் புரட்ட வேண்டும். உதடு, இமை ஆகியவற்றின் உள்மடிப்புகளையும் பிளந்து மெலிதாக்க வேண்டும். நகங்கள் தோலோடு நிற்குமாறு கடைசி விரற்கணு வரை உரிக்க வேண்டும். பின்னர் ஒட்டிய தசையைச் சுரண்டி, உப்பிட்டு, அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்துப் பதனிடுவர்.

உள்ளே நிற்கும் உடல் இக்காலத்தில் இலேசான செயற்கை நுரைப்பொருளால் ஆனது. குறித்து வைத்த அளவுகளுக்கேற்ப அதைச் செதுக்கியோ ஒட்டியோ திருத்தி, கண்குழியில் களிமண்ணிட்டுக் கண்ணாடி விழியைப் பதிக்கின்றனர். இங்கேதான் கற்றவனும் கல்லாதவனும் வேறுபடுவர். செந்நரியின் கண்மணி பூனையினுடையதுபோல் நெடுக்காகப் பிளந்தது. வட்டமணி வைத்தால் நரியின் தோலுக்குள்ளிருந்து நாய் பார்க்கும்! தோலைப் போர்த்தித் தைத்து, உதட்டைப் பள்ளத்துள் செருகி, காதுகள் சுருங்காதிருக்க இருபுறமும் அட்டை பிடித்து, வாரக்கணக்கில் உலர விடுவர். உலர்ந்ததும் நிறமிழக்கும் மூக்குக்கும் இமைக்கும் வண்ணந்தீட்டுவது கடைசி வேலை. இதற்கா பஞ்சடைத்தல் என்று பெயர்?

தோல் மட்டும் கைக்கு வந்து, விலங்கைக் கண்டறியாதவன் செய்தால் என்னாகும் என்பதற்குச் சுவீடனின் கிரிப்சோல்ம் கோட்டைச் சிங்கமே சான்று. 1731-இல் அந்நாட்டு மன்னர் முதலாம் பிரெடெரிக்குக்குப் பரிசாக வந்த சிங்கம் அது. இறந்தபின் அதைப் பாடம் செய்தவர், நாக்குத் தொங்க மனிதப் பற்களை இளிக்கும் கோமாளியாக்கிவிட்டார். அதை அறியாமை என்று மன்னிக்கலாம்.

அறிந்தே செய்யும் பொய்யை எப்படி மன்னிப்பது? 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் செர்மனியின் சுடுட்கார்ட்டைச் சேர்ந்த எர்மன் புளூக்கே என்பவர் பாடம் செய்த விலங்குகளைக் காட்சிக்கு வைத்தார். தந்திர நரி ரெய்னெக்கேயின் கதைக்குக் கவுல்பாக் வரைந்திருந்த ஓவியங்களைத் தழுவி, நரிகளை மனிதரைப்போல் நடிக்க வைத்திருந்தார். கூட்டம் அலைமோதியது. அவருடைய கைத்திறனை நான் குறைகூறவில்லை. ஆனால் அங்கே நின்றது நரியா? நரித்தோல் போர்த்த மனிதனல்லவா!

இதனினும் கேடானவை வேட்டைக்காரர் சுவரில் மாட்டிய நரித்தலைகள். வாய் பிளந்து, பல் வெளிப்பட, சாயம் பூசிய செயற்கை நாக்குடன் மரப்பலகையில் சீறுபவை. பத்துக் கிலோ எடையைப் பெரும்பாலும் எட்டாத விலங்கு அது. வயலில் எலியைக் கண்டால் மேலெழும்பிக் குதித்து அமுக்குவது. ஆளரவம் கேட்டால் பெரும்பாலும் ஒதுங்கி ஓடுவது. அதை நாய்க்கூட்டமும் குதிரைகளும் கொண்டு துரத்திக் கொன்றவனுக்குத் தன் வீரத்தை மெய்ப்பிக்க ஒரு சீற்றம் வேண்டியிருந்தது. நரி தராத சீற்றத்தைப் பாடம் செய்தவன் தந்தான். நாய்களை ஏவி நரியை வேட்டையாடுவதைத் தடைசெய்யும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005-இல் நடப்புக்கு வந்தது. வேட்டைக்குத் தடை வந்தது. பழைய தலைகளோ இன்னும் சீறிக்கொண்டிருக்கின்றன.

நம் தீபகற்பக் காடுகளில் செந்நரி இல்லை. நம் பிள்ளைகள் வடைக்கதையிலும் திராட்சைக்கதையிலும்தான் நரியை அறிகின்றனர். கதை கதையாக இருக்கட்டும். அதை நானும் சொல்லிக்கொடுக்கின்றேன். ஆனால் அருங்காட்சியகத்தில் அவர்கள் முதன்முதலில் காணும் நரியும் வஞ்சகமாய் இளித்தால், கண்ணால் கண்டதென்ற வலிமையும் அப்பொய்க்குச் சேர்ந்துவிடுகிறதே! நிழற்படம் போதாதா என்பார்க்கு ஒன்று சொல்வேன்: படத்தில் புலியும் பூனையும் ஒரே அளவுதான். இது கொடுமையல்லவா என்பார் கூற்றில் பாதி நியாயமுண்டு. பாடம் செய்வதற்கென்றே கொல்வதை நானும் ஏற்கேன். சாலையில் வண்டியடிபட்டு மாண்ட நரி ஒன்று அறிவுக்குப் பயன்படுவதில் என்ன இழிவு? ஆனால் பழம்பொருளைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். முன்னாளில் பூச்சியரிக்காதிருக்கத் தோலின் உட்புறத்தில் ஆர்செனிக் நஞ்சு பூசுவர். அது இன்னும் இருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் உணவு விடுதியில் அத்தகைய தலையொன்றைக் கண்டேன். நாக்கின் சிவப்பு உதிர்ந்து வெண்சுண்ணம் தெரிந்தது. உடன்வந்த ஆசிரியர், “எவ்வளவு கொடிய விலங்கு!” என்று வியந்து, அதன் உயரத்தைத் தம் இடுப்பளவு கைகாட்டினார். நான் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே காட்டினேன். அவர் நம்பவில்லை, மீண்டும் சுவரைத்தான் பார்த்தார்.