சீமான்களுக்கு மையின் மணம்! உழைப்பாளிக்கு வெற்றுத்தாளா?

எழுத்தின் மணத்தையும் புட்டியில் அடைத்து விற்கத் துணிந்துவிட்டார்கள் வியாபாரிகள்!

பிரான்சு நாட்டுக் கண்ணாடிக் கம்பெனியான லாலிக், 2006-ல் ஒரு சென்ட் கொண்டுவந்தது. பெயர், "கறுப்பு மை". புட்டியும் மைக்கூட்டின் அச்சு! 2010-ல் ஸ்டாக்ஹோம் நகரத்து பைரெடோ கம்பெனி தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆசியாவில் வாங்கிய ஒரு மைக்கட்டியும், தூரிகை பிடித்து எழுதும் ஜப்பானிய ஆசானின் படமும்தான் அதற்குத் தூண்டுதலாம். புட்டி பல ஆயிரம் ரூபாய். 2022-ல் அந்தக் கம்பெனியையே ஸ்பெயின் நாட்டு பூய்க் முதலாளிகள் விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

"கறுப்பு மை"க்குள் மணப்பது எது? வெட்டிவேர்! கடலூர்க் கடற்கரை மணலில் விளைகிறதே, அதே இனம். பிரெஞ்சுக்காரனின் அகராதியில் இருக்கும் பெயர்கூட நம் தமிழ்ப் பெயர்தான். அந்தப் புட்டிக்குப் போவதோ ஹைட்டி நாட்டு வேர். தோண்டிய குடியானவனின் பெயர் புட்டியில் இல்லை. முதலாளியின் பெயர்தான் இருக்கிறது.

பேனாவையும் விட்டார்களா? 2009-ல் மோன்பிளாங் கம்பெனி காந்தியின் பெயரால் தங்க முள் வைத்த பேனா விற்றது. தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் 241 பேனா. ஒன்றின் விலை 11 லட்சம் ரூபாய்க்கு மேல்! உப்புக்கு வரி போட்டதை எதிர்த்து நடந்தவரின் பெயரால் இந்த வியாபாரம்! கேரளத்தில் வழக்குத் தொடுத்த பிறகுதான் 2010-ல் விற்பனை நின்றது.

"வாசனை பூசினால் உங்களுக்கு என்ன ஆட்சேபம்?" என்று கேட்பார்கள். ஆட்சேபமே இல்லை. பூவும் சந்தனமும் நம் வீட்டிலும் உண்டு. நாம் கேட்பது வேறு: எழுத்தின் மணத்தை இத்தனை நேசிக்கும் இந்த வர்க்கம், உழைப்பாளியின் உரிமையை எழுதித் தரும்போது மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

வல்லம் வடகாலைப் பாருங்கள்!

17-8-2024 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில் 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு விடுதி திறந்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். அதற்கு முன்னால், 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் பெண்கள் தங்கிய விடுதியில் கெட்ட உணவு உண்டு பலர் ஆஸ்பத்திரிக்குப் போனதையும், சென்னை–பெங்களூர் சாலையில் தோழியர் உட்கார்ந்து மறித்ததையும் மறக்க முடியுமா? கூரை வந்துவிட்டது. அந்தக் கூரையின் கீழ் உறங்கும் பெண்ணின் கையில், கம்பெனி கையெழுத்திட்ட நிரந்தர வேலைக் கடிதம் உண்டா? ஒப்பந்தக்காரன் தந்த அட்டைதானா?

பக்கத்தில் சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டவற்றில் முதன்மையானது சங்கப் பதிவு. அதாவது ஒரு தாள், ஒரு முத்திரை! சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் வரக்கூடாது என்று வழக்காடியது கம்பெனி. கோடிக்கணக்கான கருவிகளில் அந்தப் பெயரைப் பொறித்த கைகள், தங்கள் சங்கப் பலகையில் அதை எழுதக் கூடாதாம்! போராட்டம் வென்றது. 2025 ஜனவரி 27-ல் சங்கம் பதிவாயிற்று.

ஒரு கையில் கடிதம், மறு கையில் பூட்டு

21-11-2025 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கியது மத்திய அரசு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். அதே தொகுப்புகளில் இன்னும் என்ன இருக்கிறது? "குறித்த கால வேலை": கடிதத்திலேயே வீட்டுக்கு அனுப்பும் தேதி! வேலைநிறுத்தம் செய்யவேண்டுமானால் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். மை நம்முடையதுபோல் தெரிகிறது. பேனாவைப் பிடித்திருப்பது முதலாளி!

கழனித் தோழர்களுக்கு இது புதிதா? வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, பிறகு கடனை இஷ்டம்போல் எழுதிய மிராசுதாரர்களை அறியாதவர் யார்? தஞ்சைத் தரணியில் செங்கொடி ஏந்திப் போராடியதால்தான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தச் சீமானும் மனமிரங்கி எழுதித் தந்ததல்ல அது.

ஆகவே தோழர்களே! வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நியமனக் கடிதத்தைத் தமிழில் கேளுங்கள். படித்துப் பார்த்து, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் சம்பளம் வாங்காதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, சங்கத்தின் உறுப்பினர் ஏட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

மைக்கு மணம் வேண்டாம். அந்த மையால் நம் உரிமை எழுதப்பட வேண்டும்!