தேய்த்த தூள் எங்கே போகிறது?

பழைய காருக்குப் பளபளப்பு ஏற்றுவதாகச் சொல்கிறோம். ஆனால் அங்கே ஏற்றுவது ஒன்றுமில்லை. சுரண்டி எடுப்பதே வேலை. ஆலையிலிருந்து வரும் காரின் வர்ணப் பூச்சு, எல்லா அடுக்குகளையும் சேர்த்து, சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், எவ்வளவு மெல்லிய தோலின்மீது உப்புத்தாளை வைக்கிறோம் என்று பாருங்கள்!

கீறல் விழுந்த பரப்பில் ஒளி பல திசைகளில் சிதறுகிறது. வர்ணம் மங்கித் தெரிகிறது. பெரிய கீறலைச் சிறு கீறலாகவும், அதை இன்னும் சிறியதாகவும் மாற்றிக்கொண்டே போவதுதான் மெருகேற்றும் வித்தை. தாளின் எண் கூடக்கூட அதிலுள்ள மணி சிறுக்கும். 400 எண் தாளில் மணியின் சராசரி அளவு சுமார் 35 மைக்ரான். 1000 எண்ணில் 18. 2000 எண்ணில் 10. பிறகு ரப்பிங் காம்பவுண்டு. கீறலின் ஆழம் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது அரை மைக்ரானைவிட, மிகவும் குறைந்துவிட்டால் பரப்பில் நம் முகம் தெரியும்.

சரி, சுரண்டிய தூள் எங்கே போகிறது? இதைக் கேட்பவர்கள் குறைவு.

ஓசூரில் 1980ஆம் ஆண்டு அசோக் லேலண்டின் லாரி ஆலை தொடங்கியது, டி.வி.எஸ். 50 மொபெட் அங்கிருந்து வெளிவந்ததும் அதே ஆண்டுதான். இன்று அங்கிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையோரம் டிங்கரிங் பட்டறைகளைக் காணலாம். உங்களைவிட நாலைந்து வயதே மூத்த பையன், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, லாரிக் கதவில் பட்டியை உலரத் தேய்ப்பான். 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள் மூச்சோடு உள்ளே போகும். 5 மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் ஆழம்வரை இறங்கும். கைக்குட்டையின் நூலிடைவெளிக்கு இவை சர்வ சாதாரணம்.

இதற்கு மாற்று பிறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. பிரான்சிஸ் ஓக்கி என்னும் அமெரிக்க மை தயாரிப்பாளர் உருவாக்கிய, நீரில் நனைந்தாலும் கெடாத தாளை 3எம் நிறுவனம் 1921இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் வர்ணத்தில் ஈயம் கலந்த காலம் அது. உலரத் தேய்த்த தொழிலாளர் ஈயத் தூளையே சுவாசித்தனர். நீர் தூளைப் பிடித்துக்கொண்டது. தாளின் மணிகளுக்கிடையே அழுக்கு அடையாமலும் காத்தது. நம் நாட்டில் 2016இன் விதிகள் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கினாலும், அவை வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டுமே. ஆகவே பழைய வண்டியின் வர்ணத்தைச் சந்தேகத்தோடுதான் தொடவேண்டும்.

வீட்டில் தேய்ப்பதானால் மேல்பூச்சை மட்டும், வாட்டர் பேப்பரால், நீர் விட்டே தேய்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதையும் அடிக்கடி செய்யக்கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த மேல்பூச்சுதான்.

“பட்டியில் நீர் பட்டால் உள்ளே துரு பிடிக்கும், தம்பி” என்பார் பட்டறைக்காரர். அவர் சொல்வது சரி. பட்டி நீரை உறிஞ்சும். அதை உலரத்தான் தேய்க்கவேண்டும். ஆனால் தூளை உறிஞ்சியெடுக்கும் கருவியும், நுண்துகளைத் தடுக்கும் முகமூடியும் கிடைக்கின்றனவே! அவை இல்லாத வீட்டில் பட்டி வேலையே வேண்டாம். பட்டறையில் வண்டியை விடும் அப்பாவிடம், அங்கே தேய்ப்பவருக்கு முகமூடி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடினால் கொடுப்பதே நியாயம்.

தேய்த்த நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். வாளியில் ஒரு நாள் வைத்தால் தூள் அடியில் படியும். தெளிந்ததை மெல்ல வடித்துவிட்டு, வண்டலைக் காகிதத்தில் உலர்த்தி, மடித்துக் கட்டி, தனியே குப்பைக்குக் கொடுங்கள். கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றுக்கு நம் பங்கு வேறு எதற்கு?