டாக்டராகாத பிள்ளை

போன பெருநாளைக்கு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். “இப்ப என்ன படிக்கிற மகள்?” என்று மாமி கேட்டார். மூலக்கூற்று உயிரியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப டாக்டராக ஏலாமப் போச்சா?” என்றார்.

மாமி மேல் கோபமில்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்தாலே மருத்துவபீடத்துக்குத்தான் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். இஸட் புள்ளி போதாவிட்டால் விஞ்ஞான பீடம் ஓர் ஆறுதல் பரிசு. நானும் அப்படித்தான் விஞ்ஞான பீடத்துக்குப் போனேன், மறைக்க எதுவுமில்லை. ஆனால் ஆய்வுக்கு வந்தது நானாகத் தெரிவுசெய்து. இந்த வித்தியாசத்தைத்தான் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

துருக்கியின் சவூர் என்ற சிற்றூரில், பள்ளிக்கூடம் போகாத தாய் தந்தைக்குப் பிறந்தவர் அஸீஸ் சன்ஜார். இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து ஊரில் வைத்தியராக வேலை செய்தார். பிறகு அதை விட்டு, ஆய்வு மாணவராக அமெரிக்காவுக்குப் போனார். கழியூதாக் கதிர் பட்டுச் சாகவேண்டிய பற்றீரியா, நீல ஒளி பட்டதும் பிழைத்துக்கொள்வது ஏன் என்ற கேள்விதான் அவரைப் பிடித்து வைத்தது. 1977இல் டெக்ஸாஸில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கலங்கள் தம் டிஎன்ஏயைத் திருத்திக்கொள்ளும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2015இல் இரசாயனவியல் நொபெல் பரிசு, வேறு இருவரோடு சேர்த்து, அவருக்குக் கிடைத்தது. டாக்டராக ஏலாமப் போனவர் இல்லை அவர்.

எங்கள் ஆய்வுகூடத்தில் பார்ப்பது தலசீமியாவை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகில் ஏற்படும் சிறு மாற்றம்தான் காரணம். ஒரு பிரதியில் மட்டும் அந்த மாற்றம் உள்ளவரைக் காவி என்போம். அவர் நம்மைப் போலவே நடமாடுவார், தனக்கு இருப்பதே தெரியாது. கணவன் மனைவி இருவரும் காவிகளானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குச் சில கிழமைகளுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற வேறு மருந்து. சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும்போது, ஒரே மூதாதையரிடமிருந்து அதே மாற்றம் இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. நிகாஹுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். இதை நம் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து, உம்மாமாருக்கு விளங்கும் பேச்சில் சொல்ல நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இருக்கிறோம்?

கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தில், நொதியங்களைக் காப்பாற்ற ஐஸ்பெட்டியோடு ஓடித் திரிந்தோம். டொலர் இல்லாமல் இரசாயனப் பொருட்கள் வர மாதக்கணக்கானது. முதுதத்துவமாணிக்கு இரண்டு வருடம் என்று ஆரம்பிப்போம், அதோடு முடிவது அரிது. ஆகவே தங்கைமாரே, விண்ணப்பிக்கும் முன் மேற்பார்வையாளரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: ஆய்வுக்குப் பணம் இருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு? பாடநெறி முதுமாணிக்கு இங்கே பெரும்பாலும் நாமே கட்டணம் கட்டவேண்டும். அமெரிக்காவிலோ முதல் பட்டத்தோடு நேராகக் கலாநிதிப் படிப்புக்கு எடுப்பார்கள். இந்தத் துறையில் அனேகமாகக் கட்டணமில்லை, மாதப்படியும் உண்டு, ஆனால் ஐந்தாறு வருடம் போகும். பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக மட்டும் வருவதானால், தயவுசெய்து வரவேண்டாம்.

“கலியாணம்?” என்பீர்கள். என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ராத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். அவரது மாப்பிள்ளை பின்னேரம் பிள்ளைகளை மத்ரஸாவிலிருந்து கூட்டிப்போகிறார்.

அன்று மாமியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மச்சானுக்கு சாச்சி மகளைப் பேசியிருப்பதால், இரத்தம் சோதித்தீர்களா என்று மட்டும் கேட்டேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன கிழமை அவரே தொலைபேசியில் எடுத்தார்.

“எங்க போய்ச் சோதிக்கிற மகள்? ரெண்டு பேரையும் கூட்டிப்போகவா?”