கட்டினால் மட்டும் போதுமா?

2021 டிசம்பர் 27-ம் நாள், திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து மண்ணாயின. விரிசல் கண்டு மக்கள் முன்பே வெளியேறினர், உயிர்கள் தப்பின. 1993-ல் எழுந்த கட்டடம், முப்பது ஆண்டுகூட நிற்கவில்லை!

மாடி வீட்டை அரித்துத் தின்னும் பகைவன் யார்? தண்ணீர்! மொட்டை மாடித் தளவோடு பிளக்கிறது. ஐப்பசி மழை உள்ளே இறங்குகிறது. கம்பி துருவேறிப் பருக்கிறது. பருத்த கம்பி காரையைப் பிளந்து தள்ளுகிறது. அடைபட்ட மழைநீர்க் குழாயும், சுவரில் முளைத்த அரசங்கன்றும், கடலோர உப்புக் காற்றும் அதற்குத் துணைப்படை!

ஆடியிலே பார்த்தால் கொத்தனாரின் சில நாள் கூலியோடு போகும். அசட்டையாக விட்டால் கட்டடமே போகும். ஏழை நடுத்தெருவில் நிற்பான்.

1970-ல் பிறந்த குடிசை மாற்று வாரியம் 2021-ல் புதுப்பெயர் பூண்டது. பெயர்ப்பலகை புதிதானால் போதுமா? மாடித்தளம் புதிதாக வேண்டாமா?

ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் ஒவ்வொரு மாடியையும் பார்த்துப் பழுது நீக்குக! அதற்கெனத் தனித்தொகை ஒதுக்குக! இதுவே நம் கோரிக்கை. தோழர்களே, மாடி ஏறிப் பாருங்கள். குழாய் வாயிலுள்ள குப்பையை நீக்குங்கள். விரிசலைக் குறித்து மனுக் கொடுங்கள். வீடு பெறுவது உரிமை. அது நிலைத்து நிற்பதும் உரிமையே!