கோப்பைக்கு முன் கூலி



ஓர் அணியின் பருவம் முடிந்ததும் அதன் பயிற்சியாளர் கணக்குப் பார்க்க உட்காருவார். எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, எந்த வீரர் தேறினார், யாருடைய முழங்கால் இன்னும் ஆறவில்லை, அடுத்த ஆண்டு யார் மீண்டும் வருவார் என்று அந்தக் கணக்கு நீளும். செய்தித்தாளுக்கு முதல் இரண்டு எண்களே போதும். நமக்கும் பெரும்பாலும் அவை போதுமானவையாகவே இருக்கின்றன.

இந்த வாரம் ஒரு பயிற்சியாளரின் ஒரு பருவத்தை உங்கள் சிந்தைக்கு வைக்க விரும்புகிறேன். பயிற்சியாளரின் பெயர் ஜான் மெக்லெண்டன். பருவம் 1961-62. அணி, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் கூடைப்பந்து அணியாகிய பைப்பர்ஸ். அந்தப் பருவத்தில் பைப்பர்ஸ் தன் தொடரின் கோப்பையை வென்றது. ஆனால் வென்ற நாளில் மெக்லெண்டன் அந்த அணியின் பயிற்சியாளராக இல்லை. பருவத்தின் நடுவிலேயே அவர் பதவியை விட்டு விலகியிருந்தார். விலகியதற்கான காரணங்களில் முதன்மையானது, அவருடைய வீரர்களுக்குச் சம்பளம் உரிய நாளில் வந்து சேரவில்லை என்பது. அவர் செய்தது சரியே என்பது என் கருத்து. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவையும் உண்டு.

முதலாவது, இந்த மனிதர் யாரிடத்தில் கற்றார் என்பதைப் பாருங்கள். கூடைப்பந்து நமக்கு அந்நியமான ஆட்டம் அன்று. அதை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடா நாட்டவர். மான்ட்ரியலில் இறையியல் பயின்றவர். பிற்காலத்தில் பிரஸ்பிட்டேரியன் சபையில் குருவாக அபிஷேகம் பெற்றவர். 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பணியாளர்களைப் பயிற்றுவித்த பள்ளியில், குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆடுவதற்கென்று இரண்டு பீச் பழக்கூடைகளையும் 13 விதிகளையும் கொண்டு அவர் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நம்முடைய மிஷன் பள்ளிகளின் மைதானங்களில் இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் நிற்பதன் பின்னே இப்படியொரு வழி இருக்கிறது.

நெய்ஸ்மித் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகவும் இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே! ஆட்டத்தை உண்டாக்கியவரே அந்த ஆட்டத்தின் கணக்கில் தோற்றவர் என்று சிலர் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

1933-இல் மெக்லெண்டன் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வந்தார். அவர் கறுப்பினத்தவர். பல்கலைக்கழக அணியில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லாத காலம் அது. ஆகவே தாம் நேசித்த ஆட்டத்தைத் தாம் கற்ற இடத்தில் அணிக்காக ஒரு நாளும் அவரால் ஆட முடியவில்லை. முதியவராகிவிட்ட நெய்ஸ்மித் அவருக்கு ஆலோசகராக இருந்து, உடற்கல்விப் பட்டம் பெறும்வரை துணைநின்றார். அங்கே உடற்கல்வியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் மெக்லெண்டனே. நெய்ஸ்மித்தின் 55-60 என்ற கணக்கில் இது எந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது?

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில், மெக்லெண்டன் பயிற்றுவித்த கறுப்பினக் கல்லூரி அணியும், டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணியும் பூட்டிய கதவுகளுக்குள்ளே மோதின. பார்வையாளர் கிடையாது. இரு நிறத்தவரும் சேர்ந்து ஆடுவது அங்கே தடைசெய்யப்பட்டிருந்ததால், வெள்ளை மாணவர்கள் சுற்றுவழியாகக் கார்களில் வந்து சேர்ந்தார்கள். 88-44 என்று மெக்லெண்டனின் பிள்ளைகள் வென்றார்கள். பின்பு இரு அணியினரும் தங்களைக் கலந்து பிரித்துக்கொண்டு இன்னொரு ஆட்டமும் ஆடினார்கள். ஏறத்தாழ 50 ஆண்டுகள் வெளியுலகம் இதை அறியவில்லை. ஞாயிறு காலையை அவர்கள் ஏன் தெரிந்துகொண்டார்கள் தெரியுமா? அந்த நேரத்தில் ஊரார் பெரும்பாலோர், காவலர் உட்பட, ஆலயத்தில் இருப்பார்கள். இருவர் ஒன்றாகப் பந்தெறிந்து விளையாடுவதற்கு, ஊர் முழுவதும் ஆராதனைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு போதகராக இந்த வரியை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

இப்போது பைப்பர்ஸ் அணிக்கு வருவோம். டென்னசியில் தம்முடைய கல்லூரி அணியை 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியக் கோப்பைக்கு நடத்திய பின்பு, மெக்லெண்டன் கிளீவ்லாந்துக்கு வந்தார். பைப்பர்ஸ் அப்போது தேசியத் தொழிற்கூடக் கூடைப்பந்துத் தொடரில் ஆடிய அணி. இந்தத் தொடரின் அமைப்பைப் புரிந்துகொள்வது அவசியம். ஓக்லஹோமாவின் பிலிப்ஸ் எண்ணெய் நிறுவனம், பியோரியாவின் கேட்டர்பில்லர் இயந்திர நிறுவனம், ஆக்ரனின் குட்இயர் டயர் நிறுவனம் போன்றவை தங்கள் பெயரில் அணிகளை வைத்திருந்தன. வீரர் பகலில் நிறுவனத்தின் ஊழியர், மாலையில் பயிற்சி, வார இறுதியில் பயணமும் ஆட்டமும். ஏட்டில் அவர் பொழுதுபோக்கு ஆட்டக்காரர். நடைமுறையில் அவருடைய பிழைப்பு ஆட்டத்தோடு பிணைந்திருந்தது. நம் நாட்டில் ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து அணிகள் நடத்துவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முழுத்தொழிலும் அல்லாத, முழுப் பொழுதுபோக்கும் அல்லாத நிலை.

இந்த நிலையில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆட்டத்தின்மேல் வீரர் வைத்திருக்கும் அன்பையே அவருடைய சம்பளத்தின் ஒரு பகுதியாக நிர்வாகம் எண்ணத் தொடங்கிவிடும். "எப்படியும் ஆடத்தானே போகிறான், இந்த வாரம் பணம் வராவிட்டால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்வான்." வெறும் கூலிக்காக வேலை செய்கிறவனிடம் ஒருவரும் இப்படிப் பேசத் துணியமாட்டார்கள். அவன் மறுநாள் வரமாட்டான் என்பது தெரியும். அன்பு உள்ளவன் மறுநாளும் வருவான். ஆகவே அவனுடைய கூலிதான் முதலில் தள்ளிப்போகும்.

1961-இல் பைப்பர்ஸ் அமெச்சூர் தடகள ஒன்றியத்தின் தேசியக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு, ஏப் சாப்பர்ஸ்டீன் என்பவர் தொடங்கிய அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரில் சேர்ந்து முழுத் தொழில்முறை அணியாயிற்று. தூரத்திலிருந்து எறியும் பந்துக்கு மூன்று புள்ளி என்ற விதியை ஒரு பருவம் முழுவதும் கடைப்பிடித்த தொடர் இதுவே. இன்று உலகமெங்கும் அது வழக்கம். இந்த மாற்றத்தால் மெக்லெண்டன், தொழில்முறைத் தொடர் ஒன்றில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இதன் பாரத்தை நினைத்துப் பாருங்கள். அவர் சறுக்கினால், அவருக்குப் பின் வரவேண்டியவர்களின் கதவும் சாத்தப்படும் என்ற காலம். எந்த மனிதனும் அந்த நாற்காலியை இறுகப் பற்றிக்கொள்வான்.

அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர். பிற்காலத்தில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளராகப் பெயர்பெற்றவர். அந்நாளில் அவர் இளைஞர். வெற்றியில் தணியாத தாகம் உள்ளவர். ஆட்டத்தின் நடுவிலும் பயிற்சியாளரின் காரியத்தில் தலையிடுகிறவர். பணமோ தட்டுப்பாடாக இருந்தது. ஹவாய் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், தம் வீரர் ஒருவர் அந்த எதிரணிக்கே விற்கப்பட்டுவிட்டார் என்ற செய்தி மெக்லெண்டனுக்கு வந்தது என்பது, இந்த அணியின் கதையைச் சொல்லும் எவரும் விடாமல் சொல்லும் சம்பவம். முதற்பாதியில் உங்களுக்காக ஓடிய மனிதன், இரண்டாம் பாதியில் உங்களுக்கு எதிராக ஓட வேண்டும்! சம்பள நாள்கள் தவறின. வீரர்கள் முறையிட்டார்கள். மெக்லெண்டன் வீரர்களின் பக்கம் நின்றார், பின்பு விலகினார்.

அவருக்குப் பதிலாகப் பில் ஷார்மன் வந்தார். கான்சாஸ் சிட்டி அணியை இறுதிப் போட்டியில் 3-2 என்று வென்று, பைப்பர்ஸ் கோப்பையைப் பெற்றது. ஷார்மனின் திறமையையோ அந்த வீரர்களின் உழைப்பையோ குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தக் கோப்பை அவர்களுக்கு உரியது.

இங்கே ஒரு கேள்வி எழும். நல்ல மேய்ப்பன் மந்தையை விட்டுப் போகலாமா? ஓநாய் வரும்போது ஓடுகிறவன் கூலியாள் அல்லவா? மெக்லெண்டன் தங்கியிருந்தால், உரிமையாளருக்கும் வீரர்களுக்கும் நடுவே ஒரு சுவராகவாவது நின்றிருப்பாரே என்று சிலர் கேட்கலாம். நான் இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளமாட்டேன். வீட்டில் பிள்ளைகள் உள்ள ஒருவர், அநியாயம் நடக்கும் அலுவலகத்திலேயே தங்கி, தம் கீழ் உள்ள நான்கு பேரைக் காப்பாற்றுவதும் உண்மையுள்ள வழிதான். அப்படிப்பட்டவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள்.

ஆயினும் பயிற்சியாளரின் வேலை என்ன என்று யோசியுங்கள். மெக்லெண்டனின் ஆட்டமுறை வேகமானது. பந்து கைக்கு வந்த மறுகணமே ஐவரும் எதிர்க்கூடையை நோக்கிப் பாய வேண்டும். இழந்தால் ஆடுகளம் முழுவதும் துரத்த வேண்டும். அதற்கு நெஞ்சு வெடிக்கும்வரை ஓடிப் பழக வேண்டும். "இன்னும் ஒரு சுற்று ஓடு" என்று சொல்லும் வாய் பயிற்சியாளருடையது. வாடகை கொடுக்க வழியில்லாமல் வந்திருப்பவனைப் பார்த்து அந்த வாய் அதே கட்டளையைச் சொல்லுமானால், அது யாருடைய குரல்? சம்பளம் கொடுக்காதவனின் குரலாகவே அது மாறிவிடும். அவர் முதலில் பேசினார். பேச்சு பயன்படாதபோதுதான் தம் பெயரை அந்த ஏற்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். ஓநாயைக் கண்டு ஓடுவதும், ஓநாய்க்காக மந்தையை ஓட்டிக்கொடுக்க மறுப்பதும் ஒன்றல்ல. மேலும், ஓடுகிறவன் தன் நன்மைக்காக ஓடுவான். இவரோ தம் இனத்தாருக்கு அரிதாகவே கிடைத்த நாற்காலியை இழந்தார்.

மோசேயின் நியாயப்பிரமாணம் கூலிக்குக் கெடு வைத்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அன்றைய சூரியன் அஸ்தமிப்பதே அந்தக் கெடு. கொடுக்காமல் விடுவது மட்டுமல்ல, தாமதிப்பதும் அங்கே பாவமாக எண்ணப்படுகிறது. யாக்கோபும் தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலறுத்தவர்களுக்குச் சேராத கூலியைப் பற்றிக் கடுமையாக எழுதுகிறார்.

பிரியமானவர்களே, நம் சேகரங்களின் கணக்குப் புத்தகத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். விடியற்காலை ஆலயத்தைத் திறந்து மணியடிக்கும் கோயில்குட்டியார், கிராமத்து ஜெபவீட்டில் ஆராதனை நடத்தும் உபதேசியார், பாடகர் குழுவோடு கீபோர்டு வாசிக்கும் தம்பி, பள்ளியில் தொகுப்பூதியத்தில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் ஆகிய இவர்கள் எல்லாரும் அன்பினால் வேலை செய்கிறவர்கள். அசனப் பண்டிகைக்குப் பந்தல் போடுகிறவருக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். கொடுக்காவிட்டால் அவர் வரமாட்டார். கோயில்குட்டியாரிடம், "அடுத்த மாதம் சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஐயா" என்று கூசாமல் சொல்ல முடிகிறது. அவரும் தலையாட்டிவிட்டு மாலையில் மணியடிக்கிறார். 'ஊழியம்' என்ற நல்ல சொல்லை நாம் இதற்கா பயன்படுத்துவது? கமிட்டியில் இருக்கிறவர்கள் இந்த மாதக் கூட்டத்தில் கட்டடக் கணக்கை எடுக்குமுன்னே இவர்களுடைய பாக்கியை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பைப்பர்ஸ் அணி கோப்பை வென்ற அதே ஆண்டிலேயே கலைந்துபோயிற்று. அந்தத் தொடரும் 1962 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. மெக்லெண்டன் தொடர்ந்து கல்லூரிகளில் பயிற்றுவித்தார். 1966-இல் அதே கிளீவ்லாந்து நகரின் அரசுப் பல்கலைக்கழகம், பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள் பயின்ற நிறுவனம், அவரைத் தன் பயிற்சியாளராக அழைத்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித்தின் பெயரைத் தாங்கிய கூடைப்பந்துப் புகழ்மண்டபம் 1979-இல் மெக்லெண்டனைச் சேர்த்துக்கொண்டது; ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர் என்ற வரிசையில். பயிற்சியாளர் என்ற வரிசையில் அவரைச் சேர்த்தது 2016-இல். அவர் இறந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.