மஞ்சள் கொடி காட்டும்போது

2025 ஜனவரியில் ஒரு நாள். எங்கள் பென்ஷன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம், ராகுகாலம், டி.ஏ. எப்போது வரும் என்ற வழக்கமான விசாரணைகளுக்கு நடுவே ஒரு வீடியோ வந்து விழுந்தது. துபாயில் பயிற்சி ஓட்டத்தில் நடிகர் அஜித் ஓட்டிய ரேஸ் கார் தடுப்பில் மோதி, பம்பரம் போலச் சுழன்று நிற்கிறது. அரை மணி நேரத்தில் அதே வீடியோ ஏழு பேரிடமிருந்து வந்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய நாங்கள் எல்லோரும் கல்லூரிப் பையன்களைப் போல அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். நான் நான்கு முறை பார்த்தேன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஏங்க, அந்த மனுஷனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

எனக்குத் தெரியவில்லை. நான்கு முறை பார்த்தவன் அதை மட்டும் பார்க்கவில்லை. பிறகு தேடித்தான் அவர் காயமின்றி இறங்கி நடந்தார் என்று தெரிந்துகொண்டேன். அன்று மாலை கடற்கரையில் நடக்கும்போது எனக்கு அஜித் ஞாபகம் வரவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு பிரெஞ்சுக்காரப் பையனும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

புதுச்சேரியில் ரிட்டயர்ட் கிளார்க் ஒருவனுக்குக் கார் ரேஸில் என்ன அக்கறை என்று புதிதாக வாசிப்பவர்கள் கேட்கலாம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியை விட்டு வந்த பிறகும் அந்த மொழி மறந்துவிடக்கூடாது என்பதற்காக, கப்பலில் வந்து மாதக்கணக்கில் பழசாகிப்போன பிரெஞ்சுப் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படிப்பேன். அப்படித்தான் பிரான்சுவா செவேர் என்ற அழகான இளைஞனின் படத்தைப் பார்த்தேன். 1973 அக்டோபரில் அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்துக்கு முந்தைய நாள் ஓட்டத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய கூட்டாளி ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு அது நூறாவது பந்தயமாக இருந்திருக்கும். அவர் அந்தப் பந்தயத்தில் ஓட்டவில்லை, அதோடு விலகிவிட்டார். அதே ஸ்டூவர்ட் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே தடுப்பு வேலி வேண்டும், டாக்டர் வேண்டும் என்று சண்டை போட்டவர். அதற்காக அவரைக் கோழை என்று பழித்தவர்களும் உண்டு. அந்தப் பழி எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. இப்போது படுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். 2014 அக்டோபர் 5. ஜப்பானில் சுசூகா பந்தயம். புயல் ஒன்று ஜப்பானை நெருங்கிக்கொண்டிருந்தது, விடாத மழை. நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். பிரான்சில் இருக்கும் என் பேரனுக்கு அப்போது பதினாலு வயது. அவன் அங்கே டி.வி. முன்னால், நான் இங்கே டி.வி. முன்னால். அவனுடைய ஆள் ஜூல் பியான்கி. நம் பத்திரிகைகள் ஜூல்ஸ் என்று எழுதின. பிரெஞ்சில் கடைசி 'எஸ்' ஒலிக்காது, ஜூல்தான். மருஸ்யா என்ற ஒரு சின்ன அணி. காசில்லாத அணி. அந்த வருடம் மொனாக்கோவில் ஒன்பதாவதாக வந்து அந்த அணிக்கு முதல் முறையாகப் புள்ளி வாங்கிக் கொடுத்தவர் இந்தப் பையன். ஒன்பதாவது இடத்துக்கு என் பேரன் அன்று வீட்டில் ஆடிய ஆட்டத்தை வீடியோ காலில் நான் பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். நாற்பத்திரண்டாவது சுற்றில் ஒரு வளைவில் அட்ரியன் சுடில் என்பவரின் கார் வழுக்கித் தடுப்பில் போய் நின்றது. அதை அப்புறப்படுத்த ஒரு டிராக்டர் கிரேன் ஓடுபாதைக்கு வெளியே, ஆனால் தடுப்புக்கு உள்ளே, வந்தது. அந்த இடத்தில் இரட்டை மஞ்சள் கொடி ஆட்டினார்கள். வேகத்தைக் குறை, நிறுத்தவும் தயாராக இரு என்று அர்த்தம். அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூலின் காரும் வழுக்கியது. நேராகப் போய் அந்தக் கிரேனின் அடியில் மோதியது.

டி.வி.யில் அதைக் காட்டவில்லை. கிரேன் நிற்பது தெரிந்தது, ஆட்கள் ஓடுவது தெரிந்தது, பந்தயத்தை நிறுத்தினார்கள். ஹாமில்டன், ரோஸ்பெர்க், வெட்டல் மூவரும் மேடையில் ஷாம்பெயின் பீய்ச்சவில்லை. அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் விஷயம் பெரிது என்று புரிந்தது. பேரன் போனில், "தாத்தா, ஏன் காட்ட மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள், பார்வையாளர் வரிசையிலிருந்து யாரோ எடுத்த வீடியோ வெளியே வந்துவிட்டது. உலகம் முழுக்கப் பரவியது. பேரன் அதைப் பார்த்துவிட்டான். அன்று இரவு கூப்பிட்டு, "தாத்தா, நீங்க அதைப் பார்க்காதீங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். முந்தைய நாள் அவன் கேட்ட கேள்விக்கு அவனே பதில் கண்டுபிடித்துவிட்டான். நான் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை. அவன் சொன்ன சொல்லுக்காக.

அடுத்த வாரம் ரஷ்யாவில் சோச்சி பந்தயம். மருஸ்யா ஒரே ஒரு காரைத்தான் ஓட்டியது. ஜூலின் காரைப் பூட்டித் தயாராக்கிக் கொட்டகையில் அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற ஓட்டுநர்களின் தலைக்கவசத்தில் "தூஸ் அவெக் ஜூல்" என்று ஒட்டியிருந்தது. எல்லோரும் ஜூலுடன் என்று பொருள். என் பேரன் அதைக் காகிதத்தில் எழுதிப் பள்ளிப் பையில் ஒட்டிக்கொண்டான். ஜூல் நினைவு திரும்பவே இல்லை. நவம்பரில் அவரைச் சொந்த ஊரான நீஸுக்குக் கொண்டுவந்தார்கள். 2015 ஜூலை 17 அன்று இறந்தார். வயது 25. 1994ல் இமோலாவில் செனா இறந்த பிறகு, பந்தயத்தில் பட்ட காயத்தால் இறந்த முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர். அவருடைய 17 என்ற எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு இது புதிதும் அல்ல. அவருடைய தாத்தா 1968ல் லெ மான் பந்தயத்தில் கடுமையாகத் தீக்காயம் பட்டவர். தாத்தாவின் சகோதரர் லூசியன் அதே 1968ல் அங்கே வென்றவர்; மறு வருடம் அங்கேயே சோதனை ஓட்டத்தில் இறந்தார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2014 டிசம்பரில் சர்வதேச சம்மேளனத்தின் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. கிட்டத்தட்ட நானூறு பக்கம். அதில் எல்லோர் கண்ணிலும் பட்ட வாக்கியம் ஒன்றே ஒன்று: இரட்டை மஞ்சள் கொடியின்போது பியான்கி போதுமான அளவு வேகத்தைக் குறைக்கவில்லை. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "கொடி ஆட்டினார்கள், இவன் குறைக்கவில்லை, முடிந்தது" என்றது ஒரு கூட்டம். "மழையில் தடுப்புக்கு உள்ளே கிரேனை விட்டது யார்?" என்றது இன்னொன்று. முதல் கூட்டத்தில் பலர், இரண்டு மாதம் முன்பு ஸ்டிக்கர் ஒட்டியவர்கள்தான்.

அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் நானே அதைத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு ஜீப் டிரைவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மழை இரவில், ரோடு வேலை நடந்த ஒரு கல்வெட்டுப் பாலத்தில் ஜீப் இறங்கிவிட்டது. காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. விசாரணை நடந்தது. கடைசிக் குறிப்பில் இருந்தது: "மழையைக் கருத்தில் கொண்டு ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும்." பொய் இல்லை. குறைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு மாதம் முன்பே லாக் புக்கில் அவர் தன் கையால் "வைப்பர் வேலை செய்யவில்லை" என்று எழுதியிருந்தார். அந்த லாக் புக் என் பீரோவில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்து வைக்கவில்லை. அவருக்கு ஒரு இன்க்ரிமென்ட் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் அலுவலகத்தின் ஸ்டிக்கர் அதுதான்.

அதனால் சொல்கிறேன். ஓட்டியவன்மேல் எழுதும் வாக்கியம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் அது ஆபத்து. அந்த ஒரு உண்மையை வைத்து மற்ற எல்லா உண்மைகளையும் மூடிவிடலாம். இரட்டை மஞ்சள் கொடிக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அன்று எண்ணில் எதுவும் இல்லை. இருபது பேரின் மனசாட்சிக்கு விட்டிருந்தார்கள். முன்னால் போகிறவன் குறைக்காவிட்டால் பின்னால் வருகிறவனும் குறைக்கமாட்டான், பந்தயம் அல்லவா! 2015ல் தான் ஆபத்து நேரத்தில் எல்லோரும் ஒரே கணக்கில் மெதுவாக ஓட வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஆக, தவறு கொடியிலும் இருந்தது.

ரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018ல் ஓட்டுநரின் தலைக்கு மேலே ஹேலோ என்ற வளைந்த உலோகச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். உடனே கேலி. ரப்பர் செருப்பின் வார் மாதிரி இருக்கிறதாம், காரின் அழகு கெட்டுவிட்டதாம். ஸ்டூவர்ட்டைக் கோழை என்றவர்களின் பேரப்பிள்ளைகள் போலிருக்கிறது. ஓட்டுநர்களிலேயே அதை எதிர்த்தவர் ரொமான் குரோஜான். 2020 நவம்பர் 29, பஹ்ரைனில் அவர் கார் தடுப்பு வேலியைப் பிளந்துகொண்டு போய் இரண்டாக உடைந்து தீப்பிடித்தது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நெருப்புக்குள் இருந்துவிட்டு, கைகள் வெந்த நிலையில் வெளியே வந்தார். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்ற பொருளில் ஆஸ்பத்திரியிலிருந்தே சொன்னார். அதற்குப் பிறகு செருப்பு வார் ஜோக்கை நான் கேட்கவில்லை.

ரசிகர்கள் நல்லவர்களாக நடந்துகொண்டதையும் பார்த்திருக்கிறேன். 2019 ஆகஸ்ட் 31, பெல்ஜியத்தில் ஸ்பா. ஃபார்முலா டூ பந்தயத்தில் அந்துவான் யூபேர் என்ற 22 வயதுப் பிரெஞ்சுப் பையன் இறந்தான். அவன் கார் எண் 19. மறுநாள் பெரிய பந்தயத்தின் பத்தொன்பதாவது சுற்றில் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அந்தப் பந்தயத்தில் வென்றவர் ஷார்ல் லெக்லேர், ஜூல் பியான்கியின் ஞானப்பிள்ளை. அவருக்கு அது முதல் வெற்றி. அவர் கொண்டாடவில்லை.

ஆனால் கைதட்டலைவிட எனக்குப் பிடித்தது ஒரு கோபம். 2022 அக்டோபர், மறுபடி சுசூகா, மறுபடி மழை. கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்பு வண்டி ஒன்று ஓடுபாதையில் நின்றது. தண்ணீர்ப் புகையில் எதுவும் தெரியாமல் பியேர் காஸ்லி அதை ஒட்டிக் கடந்து போனார். வானொலியில் கத்தினார். அன்று ரசிகர்கள் ஒரே குரலில் கேட்டார்கள்: எட்டு வருடம் முன்பு இதே ஊரில் என்ன நடந்தது, மறந்துவிட்டதா? சம்மேளனம் அன்றும் காஸ்லிக்கு வேகமாக ஓட்டியதற்காகத் தண்டனை கொடுத்தது. ஆனால் இந்த முறை அத்தோடு கோப்பை மூட முடியவில்லை. விசாரித்து, அந்த மழையில் மீட்பு வண்டியை அனுப்புவதைத் தாமதித்திருப்பதே விவேகம் என்று அவர்களே எழுதினார்கள். ஓட்டியவன் தப்பும் பதிவானது, வண்டியை விட்டவன் தப்பும் பதிவானது. 2014ல் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அன்றுதான் மதிப்பு வந்தது என்பேன்.

இங்கே நம் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில், 2023ல் ஜனவரியில் ஒரு மூத்த ஓட்டுநரும், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். பதிமூன்று வயது. எத்தனை நாள் பேசினோம்? என் குழுவில் ஒரு நாள் வருத்தச் செய்தி ஓடியது. மறுநாள் ராகுகாலம்.

என் பேரன் இப்போது கார் ஓட்டுகிற வயதுக்கு வந்துவிட்டான். போன தடவை ஊருக்கு வந்தபோது டிரைவர் அண்ணன் கதையை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த லாக் புக்கை இப்போ யாருக்காவது காட்ட முடியாதா தாத்தா?" என்றான். அண்ணனும் போய்விட்டார், லாக் புக்கும் எப்போதோ பழைய காகிதத்தோடு போயிருக்கும். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம். ஆள் எப்படி இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தால் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தால், அதை அனுப்புங்கள். நான் கடைசிப் பக்கம் வரை படிப்பேன்.