நாற்காலியை மறுத்து அதிர்வலையை விற்கும் நகரம்

காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஆணி இறங்கியதைப் போன்ற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தால் சற்றுத் தணியும். வேலை முடிந்து திரும்பும்போது மீண்டும் ஏறும். பெங்களூருவின் பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் ஆடை ஆலைகளின் இஸ்திரி, செக்கிங், பேக்கிங் பிரிவுகளில் நின்றே உழைக்கும் பெண்களுக்கு இந்த வலி புதிதல்ல. சிக்பேட்டை ஜவுளிக் கடை ஊழியர்களுக்கும், விடியுமுன் தெருக்கூட்டத் தொடங்கும் பௌரகார்மிகர்களுக்கும், கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து காவலாளியாக நிற்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் அது பழகிப்போன ஒன்று. ‘குதிகால் வாதம்’ என்று பெயர் சூட்டி, வயதின் மீதும் உடல் பருமன் மீதும் பழிபோட்டு, அவர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள்.

அதே நகரில் இந்த வலிக்கு நவீன மருந்தும் விற்பனைக்கு இருக்கிறது. இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் ஒயிட்ஃபீல்டிலும் தனியார் பிசியோதெரபி நிலையங்கள் ‘அதிர்வலை சிகிச்சை’யை விளம்பரம் செய்கின்றன. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, சில நிமிடம் போதும் என்கிறார்கள். வழக்கமாக வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து தவணை. ஒரு தவணைக் கட்டணமே ஆடைத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடும்; அதற்காக விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியும் போகும். வலி ஒரு வர்க்கத்துக்கு, சிகிச்சை இன்னொரு வர்க்கத்துக்கு என்பதே இந்த நகரம் வகுத்துள்ள நீதி.

அறிவியலின் மீது குறை இல்லை. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைப்பதற்காக 1980இல் ஜெர்மனியின் மூனிச் நகரில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்திலிருந்து பிறந்ததுதான் இந்த சிகிச்சை. குதிகால் வலிக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ஆனால் 2002இல் ஆஸ்திரேலியாவிலும் 2003இல் ஜெர்மனியிலும் வெளியான ஆய்வுகள், போலிச் சிகிச்சையைவிட இது மேலானதல்ல என்றன. பின்னர் வந்த சில ஆய்வுகள் பயன் உண்டு என்றன. பெரிய ஆபத்து இல்லை, பலன் குறித்த சான்றுகள் ஒரே மாதிரி இல்லை என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2009இல் கூறியது. நாள்பட்ட வலிக்கு, மற்ற வழிகள் பலிக்காதபோது முயன்று பார்க்கத்தக்க சிகிச்சை என்பதே இதன் உண்மையான இடம். சந்தையோ அதை முதல் நாளிலேயே முதல் மருந்தாக விற்கிறது.

பெரும்பாலோருக்கு ஓய்வு, தசைநீட்டும் பயிற்சி, மெத்தென்ற காலணி ஆகியவற்றாலேயே ஓராண்டுக்குள் இந்த வலி குறைந்துவிடுகிறது. குதிகாலிலிருந்து விரல்கள் வரை வில்லின் நாண் போல நீண்டிருக்கும் திசுப்பட்டை, கடினத் தரையில் மணிக்கணக்கில் நிற்பதால் நைந்துபோவது இந்த வலிக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பட்டைக்குத் தேவை சுமை குறைவது. சுமையைக் குறைக்கும் அதிகாரமோ மருத்துவரிடம் இல்லை, முதலாளியிடம் இருக்கிறது. எட்டு மணி நேரமும் நின்றபடி ‘டார்கெட்’ முடிக்க வேண்டிய தொழிலாளியிடம் ‘காலுக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று சீட்டு எழுதுவதில் என்ன பொருள் இருக்கிறது?

இது இன்று கண்டுபிடிக்கப்பட்ட உண்மையும் அல்ல. 1845இல் ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ என்ற நூலில் எங்கெல்ஸ், ஆலைகளில் இடைவிடாது நிற்பதால் முதுகும் இடுப்பும் கால்களும் எப்படிச் சீரழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். சன்னல் விளிம்பிலோ கூடையிலோ சற்று உட்கார்ந்தாலும் தண்டனை என்பதையும் பதிவு செய்தார். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பிறகும், கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்ற எழுதப்படாத விதி நடைமுறையில் இருக்கிறது.

நின்று வேலை செய்வோர் ஓய்வு வாய்க்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44ஆவது பிரிவில் சொன்னது. ஆட்சியாளர்கள் அதைச் செயல்படுத்துவதற்கு மாறாக எதிர்த் திசையில் நடந்தார்கள். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பாஜக அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலை நாளுக்குக் கதவு திறந்தது. அதன் பின் வந்த காங்கிரஸ் அரசோ, கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களில் தினசரி வேலை நேரத்தை 10 மணியாக உயர்த்தும் முன்மொழிவை 2025 ஜூனில் முன்வைத்தது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்துக் களமிறங்கின. ஒன்றிய மோடி அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொகுப்புச் சட்டங்கள் 1948 சட்டத்தையே விழுங்கிவிட்டன. மின்விசையில் இயங்கும் ஆலை என்பதற்கான வரம்பு 10 தொழிலாளர் என்பதிலிருந்து 20 ஆக உயர்ந்தது. சிறு பட்டறைகளில் நிற்கும் கால்கள் ஆலைச் சட்டத்தின் பார்வையிலிருந்தே மறைந்தன.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். தொழிலாளி தன் கூலியில் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்தும் அந்தத் திட்டம் கருணை அல்ல, உரிமை. நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு பெறவும் அதில் வழி உண்டு. ஆனால் 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று வைக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பு, விலைவாசி எங்கோ போய்விட்ட பிறகும் தொழிலாளர்களை வெளியே தள்ளும் வாசலாக நிற்கிறது. ஒப்பந்ததாரர் பங்களிப்பைக் கட்டாமல் ஏய்த்தால் உரிமை ஏட்டோடு முடிகிறது. ஈயநஞ்சும் சிலிக்கோசிசும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உண்டு. நின்று நின்று நைந்த குதிகாலுக்கு அதில் இடமில்லை. வலி நிரூபிக்கப்பட்டாலும் அது தொழிலாளியின் சொந்த விவகாரம்!

ஆயுஷ்மான் பாரத் என்று முழங்குவோர், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறார்கள். அந்தத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து படுப்போருக்கானது. குதிகால் வலியோ வெளிநோயாளியாக வந்து போகும் நோய். தனியார் கட்டணத்துக்கு வரம்பு கட்டவேனும் அரசுக்குத் துணிவு உண்டா? 2017இல் கர்நாடகத்தில் அதற்கான சட்டத் திருத்தம் வந்தது. அந்த நவம்பரில் தனியார் மருத்துவமனைகள் கதவடைத்தன. சித்தராமையா அரசு பின்வாங்கி, நீர்த்துப்போன வடிவில் அதை நிறைவேற்றியது. மருத்துவ மூலதனம் வேலைநிறுத்தம் செய்தால் சட்டம் வளைகிறது. தொழிலாளி செய்தால் தடியடி விழுகிறது.

நாற்காலி போட்டால் உற்பத்தி குறையும், கடையின் தோற்றம் கெடும் என்பது முதலாளிகளின் வாதம். மணிக்கணக்கில் கணினி முன் அமர்ந்திருக்கும் மேலாளரின் உற்பத்தி ஏன் குறையவில்லை? குறைவது உற்பத்தி அல்ல. அடங்கி நிற்பவர் மீது செலுத்தும் ஆதிக்கம். கோழிக்கோட்டின் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகத் தொடங்கிய போராட்டம் 2018இல் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் முடிந்தது. 2021இல் தமிழகமும் அதைப் பின்பற்றியது. அங்கெல்லாம் கடைகள் மூடப்பட்டுவிடவில்லை.

பெங்களூரு தொழிலாளர்களுக்குப் போராட்டம் அன்னியமானதல்ல. வருங்கால வைப்பு நிதியை எடுக்கத் தடை விதித்த விதியை எதிர்த்து 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையையும் தும்கூர் சாலையையும் நிறைத்தார்கள். இரண்டே நாளில் மோடி அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அன்று சாலையில் நடந்த அதே கால்கள்தான் இன்று வலிக்கின்றன.

ஒவ்வொரு ஆலையிலும் கடையிலும் இருக்கையும் இடைவேளையும் நடைமுறை உரிமையாக வேண்டும். வேலை நேர நீட்டிப்பு கைவிடப்பட வேண்டும். இ.எஸ்.ஐ. உச்சவரம்பு உயர்த்தப்பட வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளின் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இயன்முறை மருத்துவர் நியமிக்கப்பட வேண்டும். தேவைப்படுவோருக்கு அதிர்வலை சிகிச்சையும் அங்கேயே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். நின்று உழைத்து இந்த நகரத்தை எழுப்பியவர்கள் கேட்பது சலுகை அல்ல. உட்கார ஒரு நாற்காலி, வலித்தால் ஒரு மருத்துவர். அதையும் மறுக்கும் ஆட்சிகளை எதிர்த்து அந்தக் கால்கள் மீண்டும் ஒருமுறை சாலைக்கு வரும்.